பழைய டெல் ஆர்710 சர்வரில் இன்ஸ்டால் நின்றுபோனால்: டிரைவரைச் சேர்ப்பதா, லினக்ஸை மாற்றுவதா, கார்டை மாற்றுவதா?

டெல் பவர்எட்ஜ் ஆர்710, 2009-இல் வந்த சர்வர். இரண்டு ஜியான் 5500 அல்லது 5600 வரிசை பிராசசர்கள், மெமரிக்கு 18 ஸ்லாட்கள், முன்பக்கம் வரிசையாக ஹார்ட் டிஸ்க்குகள். பெரிய நிறுவனங்கள் கழித்துவிட்ட பிறகு சின்ன அலுவலகங்களுக்கும் கல்லூரி லேப்களுக்கும் கைமாறி, இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் பெட்டி. அதில் புது ஓஎஸ் ஏற்றலாம் என்று உட்காரும்போதுதான் சிக்கல் ஆரம்பிக்கிறது. யுஎஸ்பியிலிருந்து பூட் ஆகிறது, மொழி கேட்கிறது, கீபோர்டு கேட்கிறது. டிஸ்க்கைத் தேர்ந்தெடுக்கும் பக்கத்துக்கு வந்தால் அங்கே ஒன்றுமே இல்லை. இல்லையென்றால் பாதியில் ஏதோ ஒரு சதவீதத்தில் அப்படியே நிற்கிறது.

இந்த இடத்தில் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். விடுபட்ட டிரைவரை, அதாவது வன்பொருளோடு ஓஎஸ் பேச உதவும் மென்பொருளை, தனியாகச் சேர்க்கலாம். அந்த டிரைவர் உள்ளேயே இருக்கும் வேறு லினக்ஸுக்குப் போகலாம். பழைய பதிப்பையே போட்டுக்கொள்ளலாம். ரெய்டு கார்டை (பல டிஸ்க்குகளைச் சேர்த்து நிர்வகிக்கும் கார்டு) மாற்றலாம். ரெய்டு கார்டைத் தொடாமல் வேறு டிஸ்க்கிலிருந்து பூட் செய்யலாம். பெட்டியையே ஓரங்கட்டிவிடலாம். ஒவ்வொன்றும் யாரோ ஒருவருக்குச் சரிதான். ஆனால் பெரும்பாலானவர்களுக்கு இரண்டாவது வழிதான் நல்லது என்பது என் உறுதியான கருத்து. ஏன் என்று சொல்வதற்கு முன், எங்கே நிற்கிறது என்று பார்த்துவிட வேண்டும். அது தெரியாமல் வழியைத் தேர்ந்தால் பணமும் நேரமும் வீண்.

முதலில், நின்ற இடம்

கெர்னல் (ஓஎஸ்ஸின் மையப் பகுதி) ஏறத் தொடங்கியதும் திரை கருப்பாகிவிட்டால் இன்ஸ்டால் நின்றுவிட்டது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆர்710-இல் இருப்பது மேட்ராக்ஸ் ஜி200 வகை கிராபிக்ஸ் சிப். திரையின் முறையை மாற்றும்போது படம் போய்விடலாம். உள்ளே வேலை நடந்துகொண்டே இருக்கும். பூட் மெனுவில் கெர்னல் வரியின் கடைசியில் நோமோட்செட் (nomodeset) என்ற சொல்லைச் சேர்த்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். அதற்கும் மசியவில்லை என்றால் எழுத்துமுறை இன்ஸ்டாலரில் போடுங்கள். இதற்காக ஓஎஸ்ஸை மாற்ற வேண்டிய அவசியமே இல்லை.

டிஸ்க் பக்கம் காலியாக இருந்தால் விஷயம் டிரைவரில் இருக்கலாம், ரெய்டு கார்டின் அமைப்பிலும் இருக்கலாம். கார்டின் அமைப்பை முதலில் பாருங்கள். பூட் ஆகும்போது கன்ட்ரோலும் ஆரும் சேர்த்து அழுத்தினால் பெர்க் கார்டின் (டெல்லின் ரெய்டு கார்டு வகை) சொந்தத் திரை வரும். பெர்க் 6/ஐ கார்டு டிஸ்க்கை அப்படியே ஓஎஸ்ஸிடம் காட்டாது. விர்ச்சுவல் டிஸ்க் ஒன்றை உருவாக்கிக் கொடுத்தால்தான் காட்டும். ஒரே ஒரு டிஸ்க் இருந்தாலும் அதை ரெய்டு 0 என்று ஒரு விர்ச்சுவல் டிஸ்க்காக்க வேண்டும். வேறு சர்வரிலிருந்து கழற்றி வந்த டிஸ்க்காக இருந்தால் 'ஃபாரின்' என்று குறித்து ஒதுக்கி வைத்திருக்கும். அதில் இருக்கும் தரவு தேவையா இல்லையா என்று முடிவு செய்துவிட்டு, இம்போர்ட் செய்யவோ அழிக்கவோ வேண்டும். இவையெல்லாம் சரியாக இருந்தும் இன்ஸ்டாலருக்கு டிஸ்க் தெரியவில்லை என்றால்தான் டிரைவர் பிரச்சினை.

மூன்றாவது வகை, பாதியில் நிற்பது. இதில்தான் ஆட்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். ஃபைல்கள் நகலாகிக்கொண்டிருக்கும், 40 சதவீதத்திலோ 70 சதவீதத்திலோ நின்றுவிடும். மறுபடி போட்டால் வேறு இடத்தில் நிற்கும். ஓஎஸ் சரியில்லை என்று வேறு ஐஎஸ்ஓ (இன்ஸ்டால் கோப்பு) இறக்குவார்கள், அதுவும் நிற்கும். உண்மையில் காரணம் சாகக் கிடக்கும் ஒரு டிஸ்க், பழுதான ஒரு மெமரி ஸ்டிக், அல்லது சரியாக எழுதப்படாத யுஎஸ்பி. இதைக் கண்டுபிடிக்க இன்ஸ்டாலரின் மற்ற திரைகளுக்குப் போக வேண்டும். டெபியனில் ஆல்ட்டும் எஃப்4-உம் அழுத்தினால் லாக் ஓடுவது தெரியும். எஃப்2-இல் ஷெல் கிடைக்கும். ரெட் ஹேட் குடும்பத்தின் அனகோண்டா இன்ஸ்டாலரில் கன்ட்ரோல், ஆல்ட், எஃப்1. அங்கே கெர்னல் செய்திகளைப் படியுங்கள். ஏதோ ஒரு வேலை '120 நொடிகளுக்கு மேலாகத் தடைபட்டிருக்கிறது' என்ற வரி வந்தால், அதற்கு மேலும் கீழும் இருக்கும் வரிகளில் எந்தச் சாதனம் பதில் சொல்லவில்லை என்று தெரியும். டிஸ்க்கின் பெயரோடு ஐ/ஓ பிழை வந்தால், வேறெதையும் யோசிக்காமல் அந்த டிஸ்க்கை மாற்றுங்கள்.

மெமரியைப் பொறுத்தவரை ஆர்710 தானே சொல்லிவிடும். முன்பக்கச் சின்ன எல்சிடி திரை ஆரஞ்சு நிறத்துக்கு மாறி எந்த ஸ்லாட் என்று காட்டும். ஐடிராக்கில் (சர்வரைத் தூரத்திலிருந்து கட்டுப்படுத்த உதவும் டெல்லின் பகுதி) இருக்கும் சிஸ்டம் ஈவென்ட் லாகிலும் பதிவாகும். பழைய பெட்டியை வாங்கிய அன்றே அந்த லாகைப் படித்துவிட்டு அழித்து வைப்பது நல்ல பழக்கம். அப்போதுதான் புதிதாக வரும் பிழை எது, முந்தைய உரிமையாளர் காலத்துப் பிழை எது என்று குழம்பாது.

ஐடிராக் 6 வழியாக, தூரத்தில் இருக்கும் லேப்டாப்பிலிருந்து ஐஎஸ்ஓவை விர்ச்சுவல் மீடியாவாக இணைத்துப் போடுகிறீர்கள் என்றால் இன்னொன்றையும் கவனியுங்கள். அது மிக மெதுவானது. முழு டிவிடி அளவு ஐஎஸ்ஓவுக்கு மணிக்கணக்கில் ஆகும். நடுவே இணைப்பு ஒரு நொடி அறுந்தால் இன்ஸ்டாலர் படிக்க எதுவும் இல்லாமல் தொங்கிக்கொண்டிருக்கும். அதன் கன்சோல் பழைய ஜாவாவையும் பழைய டிஎல்எஸ்ஸையும் நம்பி இருப்பது, இன்றைய பிரவுசரிலும் ஜாவாவிலும் திறக்கவே மறுக்கும். பெட்டி கையெட்டும் தூரத்தில் இருந்தால் யுஎஸ்பி போட்டுவிடுங்கள். தூரத்தில் இருந்தால் சின்ன நெட்இன்ஸ்ட் ஐஎஸ்ஓவை மட்டும் இணைத்து, மீதியை நெட்வொர்க்கில் இழுக்க விடுங்கள்.

நெட்வொர்க் என்றதும் கடிகாரம் நினைவுக்கு வருகிறது. பல ஆண்டு மின்சாரம் இல்லாமல் கிடந்த பெட்டியில் மதர்போர்டின் சிஆர்2032 பேட்டரி தீர்ந்திருக்கும். தேதி பல ஆண்டு பின்னால் போயிருக்கும். டெபியன் இன்ஸ்டாலர் மிரரை (மென்பொருள் களஞ்சியத்தின் நகல் சர்வர்) தொட்டதும், களஞ்சியத்தின் ரிலீஸ் கோப்பு இன்னும் செல்லுபடியாகும் தேதியே வரவில்லை என்று மறுத்துவிடும். எச்டிடிபிஎஸ் சான்றிதழ்களும் அதே காரணத்தால் தோற்கும். பார்க்கிறவருக்கு இது நெட்வொர்க் கோளாறு மாதிரி இருக்கும். எஃப்2 அழுத்தி பயாஸில் தேதியைப் பார்ப்பது ஒரு நிமிட வேலை. மற்ற எதையும் தொடுவதற்கு முன் அதைச் செய்துவிடுங்கள்.

டிரைவர் ஏன் காணாமல் போனது

இப்போது மேலே சொன்ன எல்லாவற்றையும் பார்த்தாகிவிட்டது, டிஸ்க் பக்கம் மட்டும் காலி. போட்டுக்கொண்டிருப்பது ரெட் ஹேட் 8 அல்லது அதன் வழிவந்த ஒன்று. காரணம் 2019 மே மாதம் ரெட் ஹேட் 8 வெளியானபோது எடுத்த முடிவு. பழைய சேமிப்பகக் கார்டுகள் பலவற்றுக்கான ஆதரவை அதில் எடுத்துவிட்டார்கள்.

எடுத்த விதத்தைப் புரிந்துகொண்டால் குழப்பம் தீரும். பெர்க் 6/ஐ, எச்700 இரண்டுக்கும் மெகாரெய்டு எஸ்ஏஎஸ் என்ற ஒரே டிரைவர்தான். அந்த டிரைவர் ரெட் ஹேட் 8-இலும் இருக்கிறது. எந்தெந்தக் கார்டுகளை ஏற்கலாம் என்று அதற்குள் ஒரு பட்டியல் உண்டு. அதிலிருந்து பழைய கார்டுகளின் அடையாள எண்களை மட்டும் நீக்கிவிட்டார்கள். கல்யாண மண்டபம் திறந்திருக்கிறது, வாசலில் இருப்பவர் கையில் உள்ள பட்டியலில்தான் உங்கள் பெயர் இல்லை. அதனால் ஷெல்லில் தேடினால் டிரைவர் இருப்பதாகவே காட்டும், ஆனால் டிஸ்க் வராது. டிரைவர்தான் இருக்கிறதே, அப்புறம் டிஸ்க் பழுதோ என்று சந்தேகம் அந்தப் பக்கம் போய்விடும். எஸ்ஏஎஸ் 6/ஐஆர் கார்டின் கதை வேறு: அதற்கான எம்பிடி எஸ்ஏஎஸ் டிரைவரே முழுதாகப் போய்விட்டது.

ஆகவே உங்கள் பெட்டியில் எந்தக் கார்டு என்பதை முதலில் உறுதி செய்யுங்கள். ஆர்710 என்ற பெயர் மட்டும் போதாது. அதே மாடலில் நான்கைந்து வகைக் கார்டுகள் வந்திருக்கின்றன.

டிரைவர் டிஸ்க்கைச் சேர்ப்பது

இஎல்ரெப்போ என்ற சமூகக் களஞ்சியம், ரெட் ஹேட் நீக்கிய டிரைவர்களைத் தனியாகக் கட்டித் தருகிறது. மெகாரெய்டு, எம்பிடி 3 எஸ்ஏஎஸ், எம்பிடி எஸ்ஏஎஸ் மூன்றுக்கும் டிரைவர் டிஸ்க் ஐஎஸ்ஓ கிடைக்கும். அதை இன்னொரு யுஎஸ்பியில் எழுதி, அந்த யுஎஸ்பிக்கு ஓ, ஈ, எம், டி, ஆர், வி என்ற ஆறு ஆங்கிலப் பெரிய எழுத்துகளை லேபிளாக வைத்தால், அனகோண்டா கேட்காமலே அதைத் தேடி எடுத்துக்கொள்ளும். கிடைத்தால் அடுத்த பக்கத்தில் டிஸ்க் வந்து நிற்கும். அந்த நிமிடம் பெரிய நிம்மதி.

ஆனால் விலை பிறகு கேட்கப்படும். 8.9-க்கான டிரைவர் 8.10-இல் வேலை செய்யும் என்று உறுதி இல்லை. சிறு பதிப்பு மாறும்போது கெர்னலின் உள்ளமைப்பு மாறலாம். புதுக் கெர்னல் வந்த அன்று அதற்கேற்ற டிரைவர் இன்னும் வந்திருக்காவிட்டால், மறுதொடக்கத்தில் ரூட் டிஸ்க்கே தெரியாது. ஆகவே இன்ஸ்டால் முடிந்த கையோடு இஎல்ரெப்போ களஞ்சியத்தை நிரந்தரமாகச் சேர்க்க வேண்டும், பழைய கெர்னல் ஒன்றை அழியாமல் வைத்திருக்க வேண்டும், ஒவ்வொரு பெரிய அப்டேட்டுக்கும் யாராவது பெட்டியின் பக்கத்தில் இருக்க வேண்டும். உங்கள் மென்பொருளை விற்றவர் ரெட் ஹேட் 8-இல் மட்டும்தான் ஆதரவு தருவேன் என்கிறார், பார்த்துக்கொள்ள ஆளும் இருக்கிறது என்றால் இந்த வழி சரி. சர்வரை மூலையில் வைத்துவிட்டு மறந்துவிட நினைக்கிறவர்களுக்கு இது வேண்டாம்.

அதே குடும்பத்தில் அல்மாலினக்ஸ்

ரெட் ஹேட்டோடு ஒத்துப்போகும் இலவச லினக்ஸான அல்மாலினக்ஸின் 9.4 பதிப்பு, 2024 மே மாதம் வந்து இந்த ஒப்பீட்டையே மாற்றிவிட்டது. ரெட் ஹேட் கைவிட்ட பல சாதனங்களின் ஆதரவை அவர்கள் தங்கள் கெர்னலிலேயே திரும்பச் சேர்த்தார்கள். மெகாரெய்டு, எம்பிடி எஸ்ஏஎஸ், எம்பிடி 3 எஸ்ஏஎஸ், எச்பி சர்வர்களின் எச்பிஎஸ்ஏ எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. டிரைவர் கெர்னலோடேயே வருவதால் அப்டேட்டில் பிரியாது. டிஎன்எஃப், எஸ்இலினக்ஸ், ஃபயர்வால் என்று பழகிய எல்லாம் அப்படியே. ரெட் ஹேட் 9-இல் ஓடும் மென்பொருள் இதிலும் ஓடும். 9-ஆம் வரிசைக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2032 வரை உண்டு. ரெட் ஹேட் வழியில்தான் போக வேண்டும் என்கிறவர்களுக்கு டிரைவர் டிஸ்க்கை விட இது தெளிவாக மேல்.

பிராசசர் கணக்கை மட்டும் பார்த்துவிடுங்கள். ரெட் ஹேட் 9 வரிசைக்கு எக்ஸ்86-64-வி2 என்ற இரண்டாம் நிலை வேண்டும். அதாவது எஸ்எஸ்இ 4.2, பாப்கவுன்ட் போன்ற கட்டளைகள் பிராசசரில் இருக்க வேண்டும். ஆர்710-இன் ஜியான் 5500, 5600 இரண்டிலும் இருக்கின்றன. இதற்கு முந்தைய பவர்எட்ஜ் 2950-இல் வரும் ஜியான் 5400-இல் இல்லை. அங்கே எந்த டிரைவர் வித்தையும் உதவாது. 2025-இல் வந்த ரெட் ஹேட் 10 மூன்றாம் நிலையைக் கேட்கிறது. அதற்கு ஹாஸ்வெல் தலைமுறையாவது வேண்டும், ஆர்710-க்கு அந்தக் கதவு மூடியாயிற்று. அல்மாலினக்ஸ் 10 மட்டும் இரண்டாம் நிலைக்குத் தனியாக ஒரு பதிப்பு தருகிறது. ஆனால் வெளியார் தரும் ஆர்பிஎம்கள் மூன்றாம் நிலைக்கே கட்டப்பட்டிருக்கலாம் என்பதால் ஆர்710-இல் 9-ஓடு நிற்பதே நிம்மதி.

டெபியன், ப்ராக்ஸ்மாக்ஸ், உபுண்டு

ரெட் ஹேட் கட்டாயம் இல்லாதவர்களுக்கு நான் முதலில் சொல்வது டெபியன். அதன் கெர்னல் மேல்நிலைக் கெர்னலோடு (லினக்ஸின் மூலக் கெர்னல்) ஒட்டிப் போகிறது. பழைய கார்டுகளின் எண்களைக் களைவதில்லை. பெர்க் 6/ஐ, எச்200, எச்700, எஸ்ஏஎஸ் 6/ஐஆர் எதுவாக இருந்தாலும் டிஸ்க் தெரியும். பிராசசருக்கும் கெடுபிடி இல்லை. முதல் நிலை 64 பிட் போதும் என்பதால் மேலே சொன்ன 2950-கூட இதில் பிழைத்துக்கொள்ளும்.

முன்பு டெபியனில் ஒரு தொல்லை இருந்தது உண்மைதான். ஆர்710-இன் நான்கு நெட்வொர்க் போர்ட்களும் பிராட்காம் 5709 சிப்கள். அவற்றுக்கு வேண்டிய ஃபர்ம்வேர் (சிப்புக்குள் ஏற்றும் மென்பொருள்) கட்டற்ற உரிமத்தில் இல்லாததால் இன்ஸ்டால் ஐஎஸ்ஓவில் இருக்காது. நடுவே நிறுத்தி, ஃபர்ம்வேர் கோப்பை யுஎஸ்பியில் கொடு என்று கேட்கும். நெட்இன்ஸ்ட் போடுகிறவருக்கு அதோடு பயணம் முடிந்தது. 2023 ஜூனில் வந்த டெபியன் 12 முதல் அந்த ஃபர்ம்வேர்கள் அதிகாரபூர்வ ஐஎஸ்ஓவிலேயே வருகின்றன. ஆகவே பழைய வழிகாட்டிகளைப் படித்துப் பயப்பட வேண்டாம். 12 அல்லது 2025 ஆகஸ்டில் வந்த 13-ஐ எடுங்கள்.

விர்ச்சுவல் மெஷின்கள் ஓட்டத்தான் இந்தப் பெட்டி என்றால், டெபியன் மேல் கட்டிய ப்ராக்ஸ்மாக்ஸ். இஎஸ்எக்ஸ்ஐ (விஎம்வேரின் விர்ச்சுவல் மெஷின் மென்பொருள்) பழகியவர்கள் 2020-இல் வந்த 7.0-ஐ இங்கே போட முயன்று இன்ஸ்டாலர் தொடங்கும்போதே தடுக்கப்படுவார்கள். ஜியான் 5600-இன் வெஸ்ட்மியர் தலைமுறையை அந்தப் பதிப்பு கைவிட்டது. 6.7 போகும், ஆனால் அதன் பொது ஆதரவு 2022 அக்டோபரிலேயே முடிந்துவிட்டது. ப்ராக்ஸ்மாக்ஸில் ஒரே ஒரு எச்சரிக்கை: பெர்க் 6/ஐ, எச்700 போன்ற ரெய்டு கார்டுகளுக்கு மேல் இசட்எஃப்எஸ் (டிஸ்க்குகளைத் தானே நிர்வகிக்கும் ஃபைல் சிஸ்டம்) போடாதீர்கள். டிஸ்க்கை நேராகப் பார்த்தால்தான் அதன் பாதுகாப்பு முழுதாக வேலை செய்யும். ரெய்டு கார்டு இருக்கும்வரை எல்விஎம் (லினக்ஸின் டிஸ்க் பகுப்பு முறை) போதும்.

உபுண்டு சர்வரும் இந்தக் கார்டுகளை ஏற்கும். அதன் இன்ஸ்டாலர் கடைசிக் கட்டத்தில் பாதுகாப்பு அப்டேட்களை இறக்குவதால், நெட்வொர்க் மந்தமாக இருந்தால் நின்றுவிட்டது போலத் தெரியும். கேபிளைக் கழற்றிவிட்டுப் போட்டால் தாண்டிவிடும். அப்டேட்டைப் பிறகு செய்துகொள்ளலாம். மற்றபடி டெபியனை விட உபுண்டுவைத் தேர்ந்தெடுக்க இந்தப் பெட்டியில் தனிக் காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

பழைய பதிப்பையே போடுவது

ரெட் ஹேட் 7-இன் இலவச வடிவமான சென்ட்ஓஎஸ் 7-ஐப் போட்டால் ஒரு தடங்கலும் இல்லாமல் ஏறும். அதனால்தான் இந்த யோசனை இவ்வளவு ஆட்களை இழுக்கிறது. ஆனால் 2024 ஜூன் 30-ஓடு அதன் ஆயுள் முடிந்துவிட்டது. வலையில் இருக்கும் ஒரு சர்வரில், மற்றவர்களின் தரவு இருக்கும் ஒரு சர்வரில், திருத்தம் வராத ஓஎஸ்ஸைப் புதிதாகப் போடுவது தவறு. இதில் எனக்கு நடுநிலை கிடையாது. வெளியுலகத் தொடர்பே இல்லாத ஒரு பரிசோதனைக் கருவியோடு பேசும் கணினி, அந்தக் கருவியின் மென்பொருள் வேறெதிலும் ஓடாது என்ற நிலை மட்டும்தான் விதிவிலக்கு.

விண்டோஸ் பக்கமும் இதே கதைதான். சர்வர் 2012 ஆர்2-வின் ஆதரவு 2023 அக்டோபரில் முடிந்தது. புதிய பதிப்புகளில் டிஸ்க் தெரியாவிட்டால் செட்டப்பிலேயே டிரைவரைக் காட்டும் வசதி உண்டு. ஷிஃப்ட்டும் எஃப்10-உம் அழுத்தினால் கமாண்ட் திரை வரும். பேந்தர் என்ற கோப்புறையில் செட்டப் லாக் இருக்கும், எங்கே நின்றது என்பதை அதில் படிக்கலாம்.

கார்டை மாற்றுவது

இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் காசு வீணாவது இங்கேதான். பெர்க் 6/ஐ பழசு, எச்700 புதுசு, அதை வாங்கினால் ரெட் ஹேட் 8-இல் டிஸ்க் வந்துவிடும் என்று நினைத்து வாங்குகிறார்கள். வராது. எச்700-இன் எண்ணும் அதே நீக்கத்தில் போனதுதான். எச்200-இல் இருக்கும் எல்எஸ்ஐ 2008 சிப்பின் கதியும் அதுவே. டிரைவருக்காகக் கார்டு மாற்றுவதென்றால் எல்எஸ்ஐ 3008 தலைமுறைக்குப் போவது நல்லது. 9300-8ஐ அந்த வகை. ஆர்710-இன் ஸ்லாட்கள் பிசிஐ எக்ஸ்பிரஸ் 2.0 என்றாலும் அந்தக் கார்டு அதில் ஓடும், கொஞ்சம் வேகக் குறைவோடு. அதன் முனைகள் வேறு வகை; பேக்பிளேனுக்கு (டிஸ்க்குகள் செருகும் பலகை) பொருந்தும் கேபிளைச் சேர்த்தே வாங்க வேண்டும். ரெய்டை லினக்ஸின் எம்டி (மென்பொருள் ரெய்டு) வழியாகவோ இசட்எஃப்எஸ் வழியாகவோ நீங்களே அமைத்துக்கொள்ள வேண்டும்.

கார்டு மாற்ற உண்மையான காரணம் வேறு. பெர்க் 6/ஐ, 2 டிபிக்கு மேற்பட்ட டிஸ்க்கை முழுதாகப் பயன்படுத்தாது. 4 டிபி டிஸ்க்குகள் போட வேண்டும் என்றால் ஓஎஸ் எதுவாக இருந்தாலும் கார்டை மாற்றித்தான் ஆக வேண்டும். டெபியனோடு போகிறவருக்கு எச்700 அல்லது எச்200 போதும், விலையும் குறைவு. பெர்க் 6/ஐ-யிலிருந்து எச்700-க்குப் போகும்போதும் கேபிள் மாறும் என்பதை மறக்காதீர்கள். எச்200-இல் எல்எஸ்ஐ-யின் சொந்த ஃபர்ம்வேரை ஏற்றி வெறும் எச்பிஏ (டிஸ்க்கை அப்படியே ஓஎஸ்ஸிடம் காட்டும் கார்டு) ஆக்கினால், சேமிப்பகத்துக்கென்று ஒதுக்கிய ஸ்லாட்டில் ஆர்710 அதை ஏற்க மறுத்துப் பூட்டையே நிறுத்திவிடும். சாதாரண பிசிஐ ஸ்லாட்டுக்கு மாற்றினால் பிரச்சினை இல்லை.

இன்னொரு பொறி, மலிவாகக் கிடைக்கும் எஸ்ஏஎஸ் டிஸ்க்குகள். பெரிய சேமிப்பக அமைப்புகளிலிருந்து கழற்றியவை 512 பைட்டுக்குப் பதில் 520 பைட் செக்டாரில் இருக்கும். ரெய்டு கார்டு அவற்றைப் பயன்படுத்த முடியாதவை என்று ஒதுக்கிவிடும். ஒரு எச்பிஏ வழியாக 512-க்கு மறுவடிவமைப்பு செய்தால் மீண்டும் உதவும். ஒரு டிஸ்க்குக்கே பல மணி நேரம் ஆகும், நடுவில் மின்சாரம் போகக் கூடாது.

ரெய்டு கார்டைச் சுற்றிப் போவது

வேறு கணினியில் ஓஎஸ்ஸைப் போட்டு டிஸ்க்கைக் கொண்டுவந்து செருகலாமே என்பார்கள். பெர்க் 6/ஐ இருக்கும் பெட்டியில் இது நடக்காது. வெளியில் எழுதிய டிஸ்க்கை அது அப்படியே காட்டாது என்று மேலேயே சொன்னேன். ஆனால் ஆர்710-இன் மதர்போர்டில் டிவிடி டிரைவுக்கான சாட்டா போர்ட் இருக்கிறது. அதில் சின்ன எஸ்எஸ்டி ஒன்றைப் பொருத்தி அங்கே ஓஎஸ்ஸைப் போட்டால், பூட்டுக்கு ரெய்டு கார்டு தேவையே இல்லை. எந்த லினக்ஸும் அந்தப் போர்ட்டை அறியும். பின்னால் இருக்கும் பெரிய டிஸ்க்குகளுக்கு டிரைவரை நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம். ஏதாவது அப்டேட்டில் மெகாரெய்டு டிரைவர் பிரிந்தாலும் மெஷின் எழுந்துவிடும், தூரத்திலிருந்தே சரிசெய்யலாம். இஎல்ரெப்போ வழியில்தான் போயாக வேண்டும் என்கிறவர்களுக்கு இந்த எஸ்எஸ்டியையும் சேர்த்துச் செய்யச் சொல்வேன். இரண்டும் ஒன்றாக இருந்தால் அந்த வழியின் பெரிய ஆபத்து பாதி குறைந்துவிடும்.

வைத்திருப்பதா, விடுவதா

பழைய சர்வரின் விலை வாங்கும் அன்றோடு முடிவதில்லை. சராசரியாக 150 வாட் இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால் மாதம் 108 யூனிட், வருடம் சுமார் 1,300 யூனிட். 15 வாட் இழுக்கும் ஒரு சின்ன பிசிக்கு மாதம் 11 யூனிட்கூட ஆகாது. ஒரு வெப்சைட், ஒரு ஃபைல் ஷேர், ஒரு பேக்கப் என்று மட்டும் ஓட்டுகிறவர் இன்ஸ்டாலோடு மல்லுக்கட்டுவதற்கு முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கட்டும். நிறைய மெமரி வேண்டும், பத்துப் பதினைந்து விர்ச்சுவல் மெஷின்களை ஒரே நேரத்தில் ஓட்டிக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றால் 18 ஸ்லாட் உள்ள இந்தப் பெட்டிக்கு இன்றும் நியாயம் இருக்கிறது. பவர்எட்ஜ் 2950-ஆக இருந்தால் நான் விட்டுவிடச் சொல்வேன். எச்பி சர்வர் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கணக்கில் எடுக்க வேண்டும்: 2014 பிப்ரவரி முதல் புரோலியன்ட் சர்வர்களுக்கான ஃபர்ம்வேர் தொகுப்பை வாரண்டியோ ஆதரவு ஒப்பந்தமோ இல்லாதவர்களுக்கு எளிதாகத் தருவதில்லை.

வைத்திருப்பது என்று முடிவு செய்தால், டிஸ்க்கை இரண்டாகப் பிரித்து வையுங்கள். பெர்க்கின் திரையிலேயே ஒரே ரெய்டுக்குள் ஓஎஸ்ஸுக்கு ஒரு சின்ன விர்ச்சுவல் டிஸ்க்கும் தரவுக்குப் பெரிய விர்ச்சுவல் டிஸ்க்கும் உருவாக்கலாம். பயாஸ் முறையில் பூட் செய்யும்போது 2 டிபிக்கு மேற்பட்ட டிஸ்க்கோடு வரும் தகராறு இதனால் ஒழியும்; அடுத்த முறை ஓஎஸ்ஸை மாற்றும்போது தரவைத் தொடவும் வேண்டாம். ஆர்710-இல் யுஇஎஃப்ஐ முறை இருந்தாலும் அது ஆரம்பகால யுஇஎஃப்ஐ. பயாஸ் முறையையே நான் தேர்வேன். பயாஸ், பெர்க், ஐடிராக் மூன்றின் ஃபர்ம்வேரையும் சர்வீஸ் டேக் எண்ணைக் கொடுத்து டெல் தளத்திலிருந்து எடுத்து, இன்ஸ்டாலுக்கு முன்பே ஏற்றிவிடுங்கள். ஐடிராக் 6-ஐ மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் இன்டர்நெட்டுக்குத் திறந்து வைக்காதீர்கள்.

இன்ஸ்டால் முடிந்ததும் உடனே வேலைக்கு விடாமல், எல்லா அப்டேட்டையும் போட்டுப் புதுக் கெர்னலில் இரண்டு முறை பூட் செய்து பாருங்கள். ஒரு முறை சாதாரண மறுதொடக்கம். இன்னொரு முறை மின்கேபிளையே கழற்றி, சில நிமிடம் விட்டுச் செருகி. முதலாவதில் டிரைவர் நிலைத்ததா என்று தெரியும். இரண்டாவதில் கடிகார பேட்டரியும் ரெய்டு கார்டின் பேட்டரியும் எந்த நிலையில் இருக்கின்றன என்று தெரியும்.